பெயரில்லாத அறுபத்தொரு ஃபைல்கள்

உ

அட்டுவம்பட்டி,
ஆடி 25, திங்கட்கிழமை.

அன்பு மகள் ஜோதிமணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன ஆளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பூம்பாறை முருகனை நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அம்மா சுகம். கழுத்துத் துவாரம் நன்றாக ஆறிவிட்டது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார், சளி கட்டுவதும் குறைந்திருக்கிறது, இந்த மூடுபனிக்கு மட்டும் கொஞ்சம் இருமல் வருகிறது, ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே வேலை எல்லாம் செய்கிறாள். கேரட் இந்த வருஷம் விலை போகவில்லை. காட்டுமாடு வந்து நம் வேலியை மறுபடியும் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. நானும் சுகம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயந்துவிடாதே. மனசுதான் சரியில்லை. மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

தினமும் வீடியோவில் முகத்தைப் பார்க்கிற மனுஷன் எதற்காகப் பேப்பரில் எழுதி நியூசிலாந்துக்குத் தபாலில் போடுகிறார் என்று நீயும் செந்தில்வேல் மாப்பிள்ளையும் சிரிப்பீர்கள். வேறு வழியில்லை பாப்பா. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வாய்தான் போனதே தவிர காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், பேச முடியாதவள் எல்லாவற்றையும் என் போனில்தான் டைப் அடிக்கிறாள், பாதி நாள் போன் அவள் மடியில்தான் இருக்கிறது. அவள் கண்ணுக்குத் தப்பி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இந்தப் பேப்பரை விட்டால் நாதியில்லை. அதனால் ஆம்ப்ளிஃபயர் ரூமில் உட்கார்ந்து, பாட்டு லிஸ்ட் எழுதுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன். முழுவதும் படி, நடுவில் என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிவிட்டு மேலே படி.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். மாசி மாதம் நீ முழுகாமல் இருக்கும் சேதி சொன்ன எட்டாவது நாள் அம்மாவுக்குத் தொண்டையில் இருப்பது புற்று என்று ரிசல்ட் வந்தது, அதுவரை உனக்கும் தெரியும். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் என்று சொல்லிவிட்டார்கள், அதற்குப் பதினோரு நாள் தவணை கொடுத்தார்கள். அந்தப் பதினோரு நாளும் அம்மா அழவில்லை. தன் ஊர்ப் பேச்சில், "இனி நான் எப்புடிங்க பேரப்புள்ளயோட கதைக்கிறது" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இலங்கைத் தோட்டத்தை விட்டு எட்டு வயதில் வந்தவளுக்கு அந்தக் கதைக்கிறது மட்டும் நாக்கை விட்டுப் போகவே இல்லை. நான் உடனே என் நல்ல மைக்கை எடுத்து ரூமில் மாட்டி, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, நீ சொல்லு நான் பிடிக்கிறேன் என்றேன். பதினான்கு பதிவு பாப்பா. தாலாட்டு ஐந்து. பிள்ளையைக் குளிப்பாட்டுவது, வயிறு உப்பினால் என்ன கொடுப்பது, விக்கினால் என்ன செய்வது என்று நான்கு. பிள்ளைக்குக் கதை நான்கு. ஒன்பதாவது உனக்கு. அதைப் பேசும்போது என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். பட்டனை மட்டும் தட்டிவிட்டு நான் வாசலில் நின்றேன், இருபத்திரண்டு நிமிஷம். உள்ளே என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதை ஏன் அப்போதே உனக்கு அனுப்பவில்லை என்று கேட்பாய். அம்மா விடவில்லை. பிள்ளை பிறக்கும் முன்னால் சட்டை, தொட்டில் என்று எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது அவள் கணக்கு, தாலாட்டும் அதில் சேர்த்தி என்று சொல்லிவிட்டாள். பிறந்த சேதி வந்த மறு நிமிஷம் அனுப்புங்கள், அதுவரை ஒரு காப்பியும் எடுக்கக் கூடாது, போனில் போட்டு வைக்கக் கூடாது, நீங்களும் போட்டுக் கேட்கக் கூடாது என்று என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். நான் வாழ்நாளில் காப்பாற்றிய ஒரே சத்தியம் அதுதான், அதுவே என்னைக் கெடுத்தது. பத்தொன்பது வருஷம் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவன், கோயில் பாட்டுக்கு மூன்று காப்பி வைத்திருப்பவன், பெண்டாட்டி குரலுக்கு ஒரே ஒரு காப்பி வைத்திருந்தேன்.

ஆடி மூன்றாம் தேதி மாப்பிள்ளை போனில் பேசும்போது, பிள்ளைக்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கர் பார்த்து வைத்திருக்கிறோம், அதில் எம்பி3 மட்டும்தான் ஓடும் என்று சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் பிடித்து வைத்திருந்தது பெரிய ஃபைல், அதை எம்பி3 ஆக மாற்ற வேண்டும். பழனியில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் முன்னொரு நாள் கொடுத்த பழைய சாஃப்ட்வேர் இருந்தது, ஆயிரம் பாட்டை ஒரே மூச்சில் மாற்றிவிடும். பதினான்கை மட்டும் மாற்றிவிட்டு எழுந்திருந்தால் நான் மனுஷன். ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிகிறதே, இதோடு இதாக எல்லாத் திருவிழாப் பாட்டையும் மாற்றிவிட்டால் இடமாவது மிஞ்சுமே என்று ஆசைப்பட்டேன். ஆடி ஐந்தாம் தேதி காலையில் அம்மாவின் ஃபோல்டரை முதலாவதாக உள்ளே கொடுத்தேன், நல்லது முதலில் போகட்டும் என்று. அதன் பின்னால் நான்காயிரம் பாட்டையும் கொடுத்தேன். மாற்றி முடித்ததும் பழையதை அழித்துவிடவா என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டேன். பட்டனைத் தட்டிவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

திரும்பி வரும்போது காற்றுக்கு மரம் விழுந்து ஊரெல்லாம் கரண்ட் இல்லை. மறுநாள் மத்தியானம்தான் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால் அம்மாவின் ஃபோல்டர் திறக்கவில்லை, சேதமாகிவிட்டது படிக்க முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு. கூடவே, சோதித்துச் சரிசெய்யவா என்று அதுவே கேட்டது. வீட்டுக்கு வந்து உதவி செய்யவா என்று கேட்கிறவனை யாராவது வேண்டாம் என்பார்களா, சரி என்று தட்டினேன். பத்து நிமிஷம் ஓடி முடிந்தது. ஃபோல்டர் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சரி, மாற்றிய எம்பி3 எல்லாம் வேறு இடத்தில் இருக்குமே என்று அங்கே போனேன். ஃபோல்டர் பெயர்களே இல்லை, எல்லாம் கோடு கோடாக இருந்தது. அம்மாவுடையது என்று நினைத்த ஒன்றைத் திறந்து முதல் ஃபைலைத் தட்டினேன். கொடியேற்றத்துக்குப் போடுகிற நாதஸ்வரம் முழுச் சத்தத்தில் அலறியது. இரண்டாவதும் நாதஸ்வரம். பதினான்காவதும் நாதஸ்வரம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், என்ன ஆடிக்கு ஒத்திகையா என்று கையால் கேட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் எங்கிருந்து எடுத்தேனோ தெரியவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று கொடைக்கானலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஞானவேல்தான் பிறகு விளக்கினான். அந்தப் பழைய சாஃப்ட்வேருக்குத் தமிழ் தெரியாது. தமிழைக் கண்டால் எழுத்துக்கு ஒன்று, அதில் ஏறுகிற புள்ளிக்கும் குறிக்கும் தனியாக ஒன்று என்று கோடு போட்டுவிடும். சண்முகவள்ளி என்று அம்மா பெயருக்கு எத்தனை கோடு விழுந்ததோ அத்தனையே கொடியேற்றம் என்பதற்கும் விழுந்திருக்கிறது, இரண்டும் ஒரே ஃபோல்டர் என்று அது எடுத்துக்கொண்டது. உள்ளே நான் எப்போதும் வைக்கிற மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்தான் பெயர். அம்மாவின் ஒன்றின் மேல் நாதஸ்வரத்தின் ஒன்று போய் உட்கார்ந்துவிட்டது. அம்மாவைக் கடைசியாகக் கொடுத்திருந்தால் நாதஸ்வரம் போய் அம்மா பிழைத்திருப்பாள். நீ காலேஜில் படிக்கும்போதே தலையில் அடித்துக்கொண்டு சொன்னாய், ஃபோல்டருக்கு இங்கிலீஷில் பெயர் வை அப்பா என்று. பிள்ளையார் சுழி போடாமல் நான் எந்த ஃபோல்டரையும் தொடங்க மாட்டேன், இங்கிலீஷுக்கு மேலே எப்படிச் சுழி போடுவது என்று உன்னிடம் வம்புக்கு நின்றேன். சுழி போட்ட ஃபோல்டர் அத்தனையும் போய்விட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஆடி எட்டு வெள்ளிக்கிழமை கூக்கால் அம்மன் கோயிலுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்று காப்பியும் அதே டிஸ்கில்தான் வைத்திருந்தேன், எல்லாம் கோடாகிக் கலந்து கிடந்தது, பாட்டு இல்லாமல் போக முடியுமா. மன்னவனூரில் தொழில் செய்கிற சிவமுருகனிடம் இரவல் வாங்கி, இரண்டு நாளுக்கான பாட்டை அதே ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொண்டு போனேன். வேறு இடத்தில்தானே போடுகிறோம் என்று நினைத்தேன். திருவிழா முடிந்து திங்கட்கிழமை டிஸ்கைத் துணியில் சுற்றிக்கொண்டு ஞானவேலிடம் போனேன். அவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான், இது கெட்ட பிறகு இதில் வேறு ஏதாவது போட்டீர்களா என்று. போட்டேன் என்றேன். அவன் கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்துவிட்டான். அழித்த ஃபைல் உடனே போய்விடுவதில்லையாம். ஆள் உள்ளே இருக்கும்போதே, காலி வீடு என்று ரெஜிஸ்டரில் எழுதிவிட்ட கதையாம். அப்போதே விட்டிருந்தால் உள்ளே இருக்கிற ஆளை வெளியே கூப்பிட்டிருக்கலாம். நான் வேறொரு குடும்பத்தைச் சாமானோடு கொண்டுபோய் இறக்கிவிட்டேன். கூக்காலில் இரண்டு நாள் பாட்டு பிரமாதம் என்று ஊர்ப் பெரியவர்கள் எனக்குத் துண்டு போர்த்தினார்கள்.

ஞானவேல் நல்லவன். கடையில் இருந்த மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, தேடி எடுக்கிற சாஃப்ட்வேரை இரண்டு நாள் ஓடவிட்டான். அறுபத்தொரு ஃபைல் கிடைத்தது. ஒன்றுக்கும் பெயர் கிடையாது, தேதி கிடையாது, எல்லாம் நம்பர். இதில் அக்கா குரல் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது அண்ணே, நீங்கள்தான் ஒவ்வொன்றாகக் காது கொடுத்துக் கேட்கணும் என்றான். கேட்டேன் பாப்பா. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து நாள் கேட்டேன். முப்பத்தெட்டில் வெறும் இரைச்சல். மீதியில் பாதிப் பாட்டு, கால் பாட்டு, எங்கோ ஒரு ஊரில் மாடு காணோம் என்று நான் அறிவித்த அறிவிப்பு, கல்யாண வீட்டு மேளம். நாற்பத்தேழாவதில் அம்மா வந்தாள். பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும்போது உள்ளங்கையை நெற்றிக்குக் கீழே அணை கட்டு, கண்ணில் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்து, அடுத்து என்று ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. நாற்பது செகண்ட். ஐம்பத்தெட்டாவதில் ஒரு இருமல், அப்புறம், "ஏங்க, அந்த ஃபேன நிறுத்துங்க" என்று ஒரு அதட்டல். நான்கு செகண்ட். அவ்வளவுதான். ஐந்து தாலாட்டில் ஒரு சொல் இல்லை. உன்னுடைய ஒன்பதாவது இல்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவளின் குரலில் எனக்கு மிஞ்சியது ஃபேனை நிறுத்தச் சொன்னது. அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை போட்டுக் கேட்கிறேன் என்று சொன்னால் நீ என்னைப் பைத்தியம் என்பாய்.

உன் கல்யாண வீடியோவையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மணமேடையில் அம்மா உன் காதில் என்னவோ சொல்கிறாள், வாய் அசைகிறது, மேளச் சத்தம்தான் கேட்கிறது. அந்த மேளத்துக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தவனும் நான்தான்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா வாயைத் திறந்து, காற்று மட்டும் கழுத்து வழியாகப் போனதும், சத்தமே வராமல் அழுதாள். நான் அழவில்லை. எதுக்கு அழுகிறாய், உன் குரலைத்தான் பத்திரமாக டிஸ்கில் வைத்திருக்கிறேனே என்று பெருமையாகச் சொன்னேன். அப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார்கள். காற்றை விழுங்கி ஏப்பம் போல மேலே கொண்டுவந்து அதையே பேச்சாக்குவது, ஆறு மாதம் விடாமல் பழகினால் நாலு பேரோடு பேசலாமாம். அம்மா வீட்டில் வந்து இரண்டு நாள் முயற்சி பண்ணினாள். அந்தச் சத்தத்தை என் காதால் தாங்க முடியவில்லை பாப்பா. சத்தம் பிசிறினால் உடனே குமிழைத் திருகியே பழகின காது இது. விடு வள்ளி, அந்தச் சத்தம் வேண்டாம், உன் நல்ல குரல்தான் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அன்றோடு நிறுத்திவிட்டாள். ஆறு மாதத்தில் ஐந்து போய்விட்டது. நல்ல குரலையும் தொலைத்தேன், வரவிருந்த குரலையும் நானே வாயை மூடி அனுப்பிவிட்டேன்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா உனக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவாளே, சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று. என் போனில் இடம் இல்லையென்று ஆனி மாதம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். நீ சித்திரையில் போன் மாற்றினாய் என்று ஞாபகம். பழைய போன் வீட்டில் கிடக்கிறதா, மாப்பிள்ளை யாருக்கும் கொடுத்துவிட்டாரா. கொடுத்திருந்தால் கெஞ்சியாவது திரும்ப வாங்குங்கள். கிடைத்தால் அதில் ஒன்றும் தட்டாதே, ஒன்றும் அழிக்காதே, புதிதாக ஒன்றும் போடாதே, சரிசெய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். அடுத்தது, அம்மாவிடம் இதை நான் எப்படிச் சொல்வது. நேற்றுக்கூட நோட்டில் எழுதிக் காட்டுகிறாள், பிறந்ததும் முதலில் மூன்றாவது தாலாட்டை அனுப்புங்கள், அதில்தான் இருமல் இல்லை என்று. தலையை ஆட்டினேன். புரட்டாசிக் கடைசியில் பிள்ளை பிறந்துவிடும், அப்போது நான் என்னத்தை அனுப்புவேன். நீ படித்தவள், எனக்கு ஒரு வழி சொல். பதில் எழுதும்போது கடை விலாசத்துக்கு எழுது, ஞானவேல் வாங்கி வைப்பான்.

ஆடி 27, புதன்.

தபாலில் போடவில்லை, ஒரு வார்த்தை சேர்க்கலாம் என்று வைத்திருந்தேன். ஞானவேல் மதுரையில் டிஸ்கைப் பிரித்துப் பார்க்கிற பெரிய கடையில் விசாரித்தானாம், மேலே எழுதியாகிவிட்டால் கடவுள் வந்தாலும் எடுக்க முடியாது என்றார்களாம். நாளைக்குப் பெரும்பாறையில் ஒரு காதுகுத்து, போக மனசில்லை, ஒப்புக்கொண்டுவிட்டேன். நீ இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே, தண்ணீரில் விழுங்கு. அங்கே குளிர் விடவில்லை என்கிறாய், காலுக்கு உறை போடாமல் தரையில் நடக்காதே.

ஆடி 29, வெள்ளி.

பாப்பா, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது தெரிந்ததல்ல, இந்தக் கடிதத்தை நான் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பே தெரியும். நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஞானவேல் போன் பண்ணியிருக்கிறான். அம்மா எடுத்திருக்கிறாள். அவளால்தான் ஹலோ சொல்ல முடியாதே, நான்தான் எடுத்தேன் என்று நினைத்து அவன் பாட்டுக்குப் பேசியிருக்கிறான். "அண்ணே, அக்கா கொரலு இனிமே கெடைக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லண்ணே, அக்காகிட்ட வெரசா சொல்லிருங்க" என்று சொல்லியிருக்கிறான். அவள் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறமும் எனக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள், மூன்றாவது தாலாட்டை அனுப்புங்கள் என்று எழுதிக் காட்டியிருக்கிறாள். நானாக வாய் திறக்கிறேனா என்று பார்த்திருக்கிறாள். நான் திறக்கவில்லை.

நேற்று நான் பெரும்பாறை போயிருந்தபோது ரூமைப் பெருக்க வந்தவள் ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் இந்தக் கடிதத்தைப் பார்த்து முழுவதும் படித்துவிட்டாள். நான் வந்ததும் கடிதத்தையும் தன் நோட்டையும் மேஜையில் வைத்தாள். நோட்டில் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். "என் கொரலு போன அன்னிக்கு நீங்க அழுவல. டிஸ்க்குல இருக்குன்னீங்க. பத்து நாளா ஹெட்போன மாட்டிக்கிட்டு அழுதீங்களே, அப்பத்தான் எனக்காக அழுவுறீங்கன்னு நெனச்சேன். ஒன்பதாவது எனக்கு ஞாபகம் இருக்கு. சொன்னவ நான் இருக்கேன்ல."

நான் அவள் காலைப் பிடிக்கப் போனேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே, இருக்கிறது, நேற்று எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள். ஆனால் இன்றைக்கு வெள்ளனே ஆறு மணிக்கு, வேறு யாரோ ரூமில் இருக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை வரவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது தடவை ஜோ என்றாள், மூச்சு வாங்கி, தி என்றாள். ஒயர் பிய்ந்த மைக்கில் யாரோ உன்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. என் கை தன்னால் எங்கே குமிழ் என்று தேடியது, அப்புறம் மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடியும் சொல்லு என்றேன். மதுரை மேடத்துக்கும் போன் பண்ணிவிட்டேன், திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். தாமதமாகிவிட்டது, கஷ்டப்பட வேண்டும், முழுப் பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். பிள்ளை பிறக்கிற நாளில் ஒரு தாலாட்டில் ஒரு வரியாவது வருமா என்று எனக்குத் தெரியவில்லை. ராத்தூக்கம் எனக்கு இன்னும் வரவில்லை, அது வேறு விஷயம்.

பழைய போனைத் தேடவே வேண்டாம் என்கிறாள் அம்மா. நீ தேடு. எனக்காகத் தேடு. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று அவளிடம் கேட்டேன், கிழிக்க வேண்டாம், அவளும் உங்கள் லட்சணத்தைத் தெரிந்துகொள்ளட்டும், தபாலில் போடுங்கள் என்று எழுதிக் காட்டினாள். இது உன் கைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு வாரப் பழக்கம் ஆகியிருக்கும். செப்டம்பர் பதிமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை ஒன்பது மணி, உனக்குச் சாயங்காலம் மூன்றரை, அம்மா உன்னைக் கூப்பிடுவாள். வீடியோ வேண்டாமாம், உன் முகத்தைப் பார்த்தால் அழுகை வரும், அழுகை வந்தால் காற்றை விழுங்க முடியாது என்கிறாள். ஒன்பதாவதில் சொன்னதைச் சொல்லப்போகிறாளாம், முழுவதும் சொல்லி முடிக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆகுமோ தெரியாது. அந்த நேரம் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையையும் அவர் வேலை பார்க்கிற பண்ணையில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அனுப்பிவிடு.

பூம்பாறை முருகன் உனக்கும் பிள்ளைக்கும் துணையிருக்கட்டும், சுகப்பிரசவமாக வேண்டும், பெற்றவர்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு முழுசாக உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அன்றைக்குப் போனை எடுத்ததும் கரகரவென்று என்னவோ கேட்கும். லைன் சரியில்லை என்று நினைத்துக் கட் பண்ணிவிடாதே. லைன் சரியாகத்தான் இருக்கும். பேசுவது அம்மா.

உன் அப்பா,
சோலைமுத்து